ழான் ஜூகானின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 30 புனித ழான் ஜூகானின் திருநாள். அதையொட்டி உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த சின்னக் குறிப்பைப் படித்தேன். பிரான்ஸ் நாட்டில் பிறந்தவர், ஏழை முதியோருக்காக ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்ற துறவற சபையைத் தொடங்கினார், பிறகு தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி மறைவான வாழ்க்கை வாழ்ந்தார், 2009-இல் புனிதர் பட்டம் பெற்றார் என்று நான்கு வரியில் முடித்திருந்தீர்கள். அவரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதே அபூர்வம், அதனால் முதலில் நன்றி. ஆனால் ‘விலகி’ என்ற அந்த ஒரு சொல் என்னால் விழுங்க முடியாததாக இருக்கிறது. அவர் விலகவில்லை ஐயா. அவரை விலக்கினார்கள். அவர் தொடங்கிய சபையிலேயே, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர்தான் தொடங்கியவர் என்ற உண்மையை அழித்தார்கள்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, இடம் இருக்கும் அளவுக்கு வெளியிடுங்கள்.

1792 அக்டோபர் 25-இல் பிரிட்டானி பகுதியில் கன்கால் என்ற மீனவ ஊரில் பிறந்தவர் ழான். பிரெஞ்சுப் புரட்சியின் காலம் அது, கோயில்கள் மூடிக் கிடந்தன, குருக்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள். அப்பா மீனவர். ழானுக்கு நான்கு வயது நிறைவதற்குள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பதினாறு வயதில் ஒரு பிரபு குடும்பத்து வீட்டில் சமையலறை வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டு அம்மாள் ஏழைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவாராம். ஒரு மாலுமி இவரை மணக்கக் கேட்டு வந்தபோது ழான் மறுத்துவிட்டார், கடவுள் என்னைத் தமக்காகவே வைத்திருக்கிறார், இன்னும் தொடங்கப்படாத ஒரு பணிக்காக என்று தாயிடம் சொன்னதாக வரலாறு. 25 வயதில் பக்கத்தில் இருந்த சேன்-செர்வான் துறைமுக ஊருக்குப் போய் மருத்துவமனையில் வேலை பார்த்தார். உடம்பு தாங்காமல் அதை விட்டுவிட்டு, ஒரு மூத்த பெண்மணியின் வீட்டில் 12 ஆண்டுகள் துணையாக இருந்தார். அவர் 1835-இல் இறந்தபின் கிடைத்த வீட்டு வேலை, துணி துவைக்கும் வேலை என்று கூலிக்குப் போய்ப் பிழைத்தார். அப்புறம் பிரான்சுவாஸ் ஒபேர் என்ற எழுபது கடந்த பாட்டியோடும், வெர்ஜினி திரெதானியேல் என்ற பதினேழு வயதுப் பெண்ணோடும் சேர்ந்து ஒரு சின்ன வாடகைக் குடியிருப்பில் இருந்தார். மூன்று பேரும் சேர்ந்து ஜெபிப்பார்கள், அவரவர் வேலைக்குப் போவார்கள். அவ்வளவுதான். சபை தொடங்கும் எண்ணமெல்லாம் அங்கே இல்லை.

1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள் அன் ஷோவான் என்ற மூதாட்டியை ழான் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கண் பார்வை இல்லை, பாதி உடம்பு செயலற்றுப் போயிருந்தது, கவனிக்க ஆளில்லை. ழானுக்கு அப்போது 47 வயது. அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். தம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தாம் மேலே பரண் போன்ற மச்சில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பக்கவாதத்தில் விழுந்த என் மாமியாரை நான்கு வருடம் கட்டிலில் இருந்து தூக்கி இறக்கியவள் நான். தன் பக்கத்துக் கையைக் கொடுத்து உதவ முடியாத ஒரு ஆளின் எடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் பிடிக்க வராது, கால் ஊன்றாது, நம் இடுப்பில்தான் அத்தனை பாரமும் இறங்கும். அதோடு பார்வையும் இல்லை என்றால் எங்கே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பை விறைத்துக்கொள்வார்கள், அது பாரத்தை இன்னும் கூட்டும். நான் தூக்கியது வீட்டு மனுஷியை, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில். ழான் தூக்கியது உறவே இல்லாத ஒருவரை, தெருவிலிருந்து. ‘முதியோர் பணி தொடங்கினார்’ என்று மூன்று சொல்லில் எழுதும்போது இந்த எடை காணாமல் போய்விடுகிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஒருவர் வந்ததும் இன்னொருவர் வந்தார். 1841-இல் பெரிய இடமாகப் பார்த்துப் போனார்கள், ஒரு டஜன் மூதாட்டிகள் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு பழைய கன்னியர் மடம் ஒன்றையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. சோறு எங்கிருந்து வந்தது? இங்கேதான் ழானின் மூளையும் மனசும் சேர்ந்து வேலை செய்த இடம். அந்த மூதாட்டிகளில் பலரும் அதுவரை வீடு வீடாகப் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள், கடலில் கணவனைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த ஊரில் வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் வீடுகளின் விலாசத்தைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார் ழான். அவர்களுடைய அவமானத்தைத் தம் தோளில் வாங்கிக்கொண்டார் என்று நான் இதை வாசிக்கிறேன். கூலி வேலை செய்து மானமாக வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, அதே ஊரில், தெரிந்த முகங்களுக்கு முன்னால் கூடையோடு போய் நிற்பது எளிதாக இருந்திருக்காது.

காசு, ரொட்டி, விறகு, கம்பளி, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஒரு வீட்டில் எரிச்சலில் ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். “நன்றி, இது எனக்கு. இப்போது என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்” என்றாராம். இன்னொரு செல்வந்தர் ஒருநாள் கொடுத்தார், மறுநாளும் இவர் போய் நின்றதும் கோபப்பட்டார். “ஐயா, என் ஏழைகளுக்கு நேற்றும் பசித்தது, இன்றும் பசிக்கிறது, நாளைக்கும் பசிக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வாடிக்கையாகக் கொடுப்பவராக மாறிவிட்டார். முதல் கதையைவிட இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். அறை வாங்குவதில் இருக்கும் பொறுமையைவிட, மறுநாளும் போய்க் கதவைத் தட்டும் பிடிவாதம் பெரிது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மறுநாள் என்பதுதான் எல்லாம்.

சரி, இனி நீங்கள் ‘விலகி’ என்று எழுதிய இடத்துக்கு வருகிறேன்.

ழானோடு சேர்ந்த இளம்பெண்கள் 1842-இல் அவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1843 டிசம்பர் 8-இல் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே வாரத்தில், டிசம்பர் 23 அன்று, அவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்த ஒகஸ்ட் லெ பாய்யேர் என்ற இளம் குரு, தம் சொந்த அதிகாரத்தில் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கிவிட்டு, தம் சொல் கேட்டு நடக்கும் 23 வயது மரி ஜமேயைத் தலைவியாக்கினார். ழான் தலைமையில் இல்லை, இனி கூடை தூக்கிப் பிச்சை எடுப்பதுதான் அவர் வேலை. அதை அவர் ஏற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

வெளியுலகுக்கு இந்த உள் விவகாரம் எதுவும் தெரியாது. சேன்-செர்வான் நகரத்தின் முக்கியஸ்தர்கள் சேர்ந்து விண்ணப்பம் அனுப்பி, 1845 டிசம்பரில் பிரெஞ்சு அகாதெமி அவருக்கு மோந்தியோன் பரிசைக் கொடுத்தது. ஏழையான பிரெஞ்சுக் குடிமக்களின் சிறந்த நற்செயலுக்கு ஆண்டுதோறும் தரப்படும் பரிசு, 3,000 பிராங்க். துபேன் என்ற புகழ்பெற்ற சட்ட வல்லுநர் பாரிசில் அத்தனை அறிஞர்களுக்கு முன்னால் நின்று இந்தப் பழைய வேலைக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசினார். இத்தனை பேருக்குச் சாப்பாடு எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டு, ழானிடம் ஜெபம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, எப்போதும் நிரம்பித் திரும்பும் கூடை இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். அந்த உரை அச்சில் வந்தது. ழான் அதைப் புதிய ஊர்களுக்குக் கையோடு கொண்டுபோனார், அறிமுகக் கடிதம் மாதிரி. பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டாமல், அதை வைத்து இன்னும் நாலு முதியோருக்கு இடம் தேடிய பெண் அவர்.

ரென், தினான், தூர், ஆஞ்சே என்று வரிசையாக இல்லங்கள் திறந்தன. பதவியில் இல்லாத ழான்தான் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார், ஒரு வீடு தள்ளாடினால் அவரைத்தான் அனுப்பினார்கள். ஆஞ்சேயில் ஒரு விழா நாளில், ராணுவப் படைப்பிரிவின் இசைக்குழுவை அனுப்பி வைக்கச் சொல்லி அதன் அதிகாரியிடமே போய்க் கேட்டாராம், முதியவர்கள் கேட்டு மகிழட்டும் என்று. வந்து வாசித்தார்கள். முதியவர்களுக்குச் சோறும் கட்டிலும் போதும் என்று நினைக்காத ஒருவர் 1850-வாக்கில் இருந்திருக்கிறார், இதைப் படித்தபோது என் மாமியாருக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டக்கூட எனக்குத் தோன்றாத நாள்கள் நினைவுக்கு வந்தன.

1852-இல் ரென் ஆயர் சபைக்கு ஒப்புதல் கொடுத்தார். அதே ஆண்டு லெ பாய்யேர் ழானைச் சபையின் தலைமையகமான தாய் இல்லத்துக்குத் திரும்ப அழைத்தார். இனி கூடை தூக்க வேண்டாம், கொடையாளர்களோடு தொடர்பு வேண்டாம், எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று ஆணை. அவருக்கு அப்போது 60 வயது நெருங்குகிறது. 1856-இல் சேன்-பெர்ன் என்ற ஊரில் சபை வாங்கிய பெரிய மனைக்குத் தாய் இல்லம் மாறியது, அவரும் மாறினார். ரென் நகரில் தொடங்கிய அந்த ஒதுக்கம் மொத்தம் 27 ஆண்டுகள், சாகும் வரை. சபையில் அவர் பெயர் சிலுவையின் மரியா. அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த, துறவறப் பயிற்சியில் இருந்த நவகன்னியருக்கு, தங்கள் சபையைத் தொடங்கியவர் இந்தக் கிழவிதான் என்று தெரியாது. லெ பாய்யேர் எழுதிப் பரப்பிய வரலாற்றில் அவரே ஸ்தாபகர், மரி ஜமேயும் வெர்ஜினியும் முதல் இரு சகோதரிகள், ழான் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர்.

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பிரசங்கம் பண்ணத் தொடங்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட ஒரு மறையுரையில், அநியாயம் நடந்தாலும் வாய் திறக்காமல் இருந்தார் ழான், பெண்கள் குடும்பத்தில் இப்படி இருந்தால் சண்டையே வராது என்று சொன்னார்கள். கோயிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் பலர் தலையை ஆட்டினார்கள். எனக்கு உள்ளே கொதித்தது. அன்று நான் எழுந்து எதுவும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ழான் வாய் திறந்தார். லெ பாய்யேரிடம் முகத்துக்கு நேராக, என் பணியை நீங்கள் திருடிவிட்டீர்கள், ஆனாலும் மனமுவந்து அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னார் என்பதும் சபையின் நினைவில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தின் முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பெண்களுக்குப் போதிப்பது எந்த ஊர் நியாயம்? திருட்டைத் திருட்டு என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் அவர் மன்னித்தார். நடந்தது திருட்டே இல்லை என்று சொன்னால், மன்னிப்புக்கு அங்கே என்ன வேலை?

1865-இல் நடந்ததையும் சேர்த்துப் படித்தால் இன்னும் தெளிவாகும். சபைக்கு நிலையான வருமானம் தரும் சொத்துகளை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மாதாமாதம் தானாக வட்டி வரும், கூடை தூக்க வேண்டியதில்லை. யாருக்குத்தான் ஆசை வராது? ஆலோசனைச் சபையில் ழானுக்கு இடமில்லாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்தும், அன்று அவரையும் அழைத்துக் கேட்டார்கள். வேண்டாம், கடவுளின் பராமரிப்பையும் மக்கள் கொடுப்பதையும் நம்பித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். அப்படியே முடிவானது, நிலையான வருமானத்தை ஏற்பதில்லை என்ற அந்தத் தீர்மானத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. தம் பதவிக்காக வாதாடாதவர், ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டிய வாழ்க்கை முறைக்காகப் பேசினார். இதைத்தான் நான் தாழ்ச்சி என்பேன். இன்றுவரை அந்தச் சகோதரிகள் பல நாடுகளில் கையேந்தித்தான் முதியோரைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், வேர் அந்த நாளில் இருக்கிறது.

27 ஆண்டுகளும் அவர் மூலையில் கிடந்து புழுங்கவில்லை. நவகன்னியரோடு வேலை செய்தார், தோட்டத்தில் நடந்தார், ஆரம்ப காலக் கதைகளைச் சொன்னார், ஏழைகள் நம் ஆண்டவரே என்பதை மறக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசிக் காலத்தில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, கைத்தடியோடு நடந்தார். முதலில் தாம் தூக்கி வந்த அன் ஷோவானின் இருட்டு அவருக்கும் வந்தது. 1879 ஆகஸ்ட் 29-இல் 86 வயதில் இறந்தார். அப்போது சபையில் ஏறக்குறைய 2,400 சகோதரிகள். ஒரு கட்டிலில் தொடங்கியது நாற்பது ஆண்டில் அங்கே வந்து நின்றது, அதைத் தொடங்கியவர் யார் என்று அந்த 2,400 பேரில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

உண்மை வெளிவந்ததும் திருச்சபையின் வழியாகத்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ரோம் விசாரித்தது. 1890-இல் லெ பாய்யேரைப் பொறுப்பிலிருந்து நீக்கி ரோமுக்கு அழைத்துக்கொண்டார்கள், அங்கேயே ஒரு மடத்தில் இருந்து இறந்தார். மரி ஜமேயும் தம் கடைசிக் காலத்தில், முதல் சிறிய சகோதரியும் ஸ்தாபகரும் தாம் இல்லை, ழான்தான், அப்படி நடந்துகொள்ளும்படி தமக்குச் சொல்லப்பட்டது என்று ஒரு குருவிடம் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவம், 23 வயதில் அவர் தலையில் ஒரு பொய்யைத் தூக்கி வைத்துவிட்டார்கள், அதையும் அவர் ஐம்பது வருடம் சுமந்திருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ழானின் இடம் மெதுவாக அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 1982 அக்டோபர் 3-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார், 2009 அக்டோபர் 11-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார். அந்தச் சபையே இன்று தன் வரலாற்றை ஒளிக்காமல் சொல்கிறது. அவர்களே மறைக்காத ஒன்றை நாம் ஏன் ‘விலகி’ என்று மெழுகி எழுத வேண்டும்?

குறிப்பு எழுதியவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. இடம் குறைவு, சுருக்க வேண்டும், புரிகிறது. ஆனால் புனிதர்களைப் பற்றி எழுதும்போது கசப்பான பகுதியை நாசூக்காகத் தாண்டிப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதில் அடிபடுவது பெரும்பாலும் பெண் புனிதர்கள்தான். அவர்கள் வேலை செய்ததைவிட அடங்கி இருந்ததுதான் நமக்கு நினைவில் நிற்கிறது. ழான் வீட்டு வேலைக்காரியாக இருந்தவர், பிச்சைக் கூடை தூக்கியவர், கடன்பட்ட வீடுகளை மீட்டவர், அதிகாரியிடம் போய் இசைக்குழு கேட்டவர், தம்மை ஏமாற்றியவரிடம் அதைச் சொன்னவர். இத்தனையும் செய்த ஒருவரை அமைதிக்கு மட்டும் உதாரணமாகக் காட்டாதீர்கள்.

ஒரு சின்னத் திருத்தம் வெளியிடுவீர்களா? ‘தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி’ என்பதை ‘விலக்கப்பட்டு’ என்று மாற்றினால் போதும். அதற்கு மேல் இரண்டு வரி இடம் கிடைத்தால், மூதாட்டிகளிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பதிலாகக் கூடையோடு போனாரே, அதைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி